கைமாறி வந்த மோட்டார் வண்டியின் எஞ்சின் கோளாறுகளைப் பரீட்சித்தறியும் விதம்

பயிர்த்தொழிலைப் பற்றிய இச்சஞ்சிகையில் மோட்டார் வண்டியைக் குறித்து ஒரு வியாசம் வருவது சிலருக்கு வியப்பாயிருக்கலாம். ஆனால் தோவாளை, அகஸ்தீசுவரம் தாலுகாக்களில் நிலம் வைத்திருப்போருள் சிலர் பழைய வண்டியொன்றை வாங்கி, விதைநெல்லையும் உரமூட்டையையும் அதிலேயே ஏற்றிச் செல்வதையும், பின்னாசனத்தைக் கழற்றிவிட்டு வாழைத்தார்களை வடசேரி கனகமூலம் சந்தைக்கும், பிச்சிப்பூவைத் தோவாளைப் பூச்சந்தைக்கும் கொண்டு சேர்ப்பதையும் நாம் காண்கிறோம். பூ விடியுமுன் சந்தை சேரவேண்டிய பொருள். வண்டி வழியில் நின்றால் அன்றைய பூ வாடிப்போகும். ஆகவே இதுவும் குடியானவரது விஷயமே.

இவ்விதம் கைமாறி வரும் வண்டிகளுள் பெரும்பாலும் நான் கண்டவை அம்பாஸிடரும் ஜீப்புமே. அம்பாஸிடர் வண்டி வங்காளத்து உத்தரபாராவில் 1950-களின் பிற்பகுதி முதல் 2014-ஆம் ஆண்டு மே மாதம் வரையில் செய்யப்பட்டது. அதன் பழைய பெட்ரோல் எஞ்சின் நான்கு சிலிண்டர்களும் 1489 கன சென்டிமீட்டர் கொள்ளளவும் உடையது. அதே அளவில் டீசல் எஞ்சினும் பின்னர் வந்தது. பாகங்கள் வெளியில் தெரியும்படியும் கைக்கு எட்டும்படியும் அமைந்திருப்பதால், ஸ்பானரும் பொறுமையும் உள்ள எவரும் இதனைப் பரீட்சிக்கலாம். இவ்வியாசத்தில் முக்கியமாக இந்தப் பெட்ரோல் எஞ்சினையே எடுத்துக்கொள்வோம். கம்ப்யூட்டர் வைத்த பிற்காலத்து வண்டிகளுக்கு இங்கே சொல்லும் சில முறைகள் பொருந்தா என்பதையும் நினைவில் வைக்கவேண்டும்.

அனந்தனார் காலின் கடைமடையில் நீர் வரவில்லையென்றால் நாம் என்ன செய்கிறோம்? 1906-ஆம் ஆண்டில் கட்டிமுடித்த பேச்சிப்பாறை அணையில் விரிசல் கண்டதென்று எவரும் உடனே ஓடுவதில்லை. மண்வெட்டியைத் தோளில் வைத்துக்கொண்டு கால்வரம்பின்மேல் நடக்கிறோம். பாதி வழியில் ஒரு மடையில் நின்று பார்க்கிறோம். அங்கே நீர் நிறைய ஓடினால் தடை அதற்குக் கீழே. அங்கும் இல்லையென்றால் மேலே. இவ்வாறு இரண்டு மூன்று இடங்களில் பார்த்தவுடன், எவனோ வைத்த வைக்கோல் அடைப்போ, சரிந்த கரையோ அகப்பட்டுவிடுகிறது. எஞ்சினைப் பரீட்சிப்பதும் இதுவே. ஆனால் வயலில் இவ்வளவு நிதானமாயிருக்கும் நாம், வண்டி நின்றவுடன் அணையை இடித்துப் பார்க்கச் சம்மதித்துவிடுகிறோம். எஞ்சினைத் திறப்பது அணையை இடிப்பதற்கு ஒப்பானது. திறந்தபின் பழைய நோய் எது, திறந்ததால் வந்த நோய் எது என்று பிரித்தறிவது அரிது.

எஞ்சின் ஓடுவதற்கு மூன்று காரியங்கள் நடக்கவேண்டும். காற்றும் பெட்ரோலும் தக்க அளவில் கலந்து சிலிண்டருக்குள் செல்லவேண்டும். அக்கலவை கசிவின்றி அழுத்தப்படவேண்டும். அழுத்தம் மிகுந்த தருணத்தில் பிளக்கில் பொறி உண்டாகவேண்டும். இம்மூன்றில் எது குறைந்தது என்பதை முதலில் அறிந்து, பின்னரே அதன் பாகங்களை ஆராயவேண்டும்.

வண்டி வாங்கப் போகிறவர்கள் முன்னறிவிப்பின்றி விடியற்காலையில் போவது நல்லது. ரேடியேட்டர்மேல் கைவைத்துப் பார்க்கவேண்டும். அது சூடாயிருந்தால் நமக்கு முன்னரே எஞ்சினை ஓட்டிவைத்திருக்கிறார்கள் என்பது தெளிவு; மறுநாள் வருவதாகச் சொல்லித் திரும்பிவிடலாம். குளிர்ந்த எஞ்சின் மறைக்காத பல குறைகளைச் சூடான எஞ்சின் மறைத்துவிடும். எஞ்சின் குளிர்ந்திருக்கையில் ரேடியேட்டர் மூடியைத் திறந்து, நீரில் எண்ணெய்ப்படலம் மிதக்கின்றதா என்று காண்க. எண்ணெய் அளக்கும் கம்பியை உருவி, எண்ணெய் மோர்போல் வெளுத்திருக்கின்றதா என்றும், எண்ணெய் ஊற்றும் மூடியின் உட்புறத்தில் வெண்ணெய்போன்ற பொருள் ஒட்டியிருக்கின்றதா என்றும் காண்க. மூடியில் மட்டும் சிறிது இருப்பது மழைக்காலத்தில் குறுந்தூரமே ஓடும் வண்டிகளில் இயல்பு. கம்பியிலும் அவ்வாறே இருந்தால் நீர் எண்ணெயில் கலக்கிறது என்பது உறுதி. பெரும்பாலும் ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் இடையேயுள்ள கேஸ்கட் போயிருக்கும், அல்லது ஹெட்டில் வெடிப்பிருக்கும்.

பழைய அம்பாஸிடரில் முன்னால் கைப்பிடி செருகிச் சுற்றும் வசதி உண்டு. இதைப்போன்ற பரீட்சைக் கருவி வேறில்லை என்பது என் எண்ணம். சாவியைத் திருப்பி மின்சாரத்தை நிறுத்திவிட்டு, கியர் விழவில்லையென்பதை உறுதிசெய்துகொண்டு, கைப்பிடியை மெதுவாகச் சுற்றவேண்டும். கட்டைவிரல் மற்ற விரல்களுடன் ஒரே பக்கத்தில் இருக்கவேண்டும்; எதிர்ப்பக்கத்தில் பிடித்தால் கைப்பிடி திருப்பியடிக்கும்போது மணிக்கட்டு முறிய இடமுண்டு. இரண்டு சுற்றில் நான்கு முறை கை தடுக்கப்படும். அந்நான்கு தடையும் ஒரே பலமுள்ளவையா என்பதே கேள்வி. ஒன்று மட்டும் தளர்ந்து வழுக்கினால் அந்தச் சிலிண்டரில் அழுத்தம் கசிகிறது. நான்கும் தளர்ந்திருந்தால் எஞ்சின் முழுதும் தேய்ந்தது. நெற்கட்டைத் தூக்கியே கனம் சொல்லும் நமது மக்களின் கைகளுக்கு இவ்வித்தியாசம் எளிதில் புலப்படும்.

ஸ்டார்ட்டர் சோம்பலாகச் சுற்றினால் உடனே பாட்டரியைப் பழிக்கவேண்டாம். மணக்குடி, ராஜாக்கமங்கலம், குளச்சல் முதலிய கடற்கரைப் பகுதிகளில் உப்புக்காற்று உலோகத்தை அரிப்பது யாவரும் அறிந்தது. பாட்டரியின் எர்த் முனையிலிருந்து வண்டியின் சட்டத்துக்கும், சட்டத்திலிருந்து எஞ்சினுக்கும் செல்லும் பின்னல்பட்டைகள் துருப்பிடித்தால் மின்சாரம் திரும்பிவர வழியின்றித் தவிக்கும். தடித்த கம்பியொன்றை எர்த் முனையிலிருந்து நேரே எஞ்சினின் உலோகத்தில் பிடித்தால் ஸ்டார்ட்டர் விறுவிறுப்பாகச் சுற்றுமாயின் குறை பட்டையில். எர்த் பட்டை அறுந்துபோன ஒரு வண்டியில் சோக் இழுக்கும் கம்பி கைவைக்க முடியாதபடி சுடுவதைக் கண்டேன். மின்சாரம் வேறு வழியின்றி அதன் வழியே போய்க்கொண்டிருந்தது! அவ்வண்டிக்குப் புதிய பாட்டரி அதற்குமுன் இரண்டு வாங்கியாகிவிட்டது.

எஞ்சின் கிளம்பியபின் ஒருவர் புகைக்குழாயின் அருகே நிற்கவேண்டும். கறுப்புப்புகை பெட்ரோல் மிகுதியாகச் செல்வதைக் காட்டும். காற்று வடிகட்டியில் தூசி அடைந்திருக்கலாம், அல்லது சோக் முழுதும் திறக்காமல் நின்றிருக்கலாம். காலையில் சிறிதுநேரம் வெண்ணிறமான ஆவி வருவது இயல்பே. எஞ்சின் நன்கு சூடேறிய பின்னும் அது நில்லாமல் வந்து, ரேடியேட்டர் நீரும் குறைந்துவந்தால் கேஸ்கட்டைச் சந்தேகிக்கவேண்டும். அப்போது, குளிர்ந்த எஞ்சினைக் கிளப்பியவுடனே ரேடியேட்டரில் குமிழிகள் தொடர்ந்து எழுகின்றனவா என்று பார்க்கலாம். சூடான ரேடியேட்டரின் மூடியை மட்டும் ஒருபோதும் திறக்கலாகாது.

நீலப்புகையே மிகவும் ஏமாற்றுவது. அது எண்ணெய் எரிவதைக் காட்டும் என்பது உண்மை. எண்ணெய் எவ்வழியாகச் சிலிண்டருக்குள் போகிறது என்பதை அது மட்டுமே சொல்லாது. இதில் நான் செய்த பிழையை ஒளிக்காமல் எழுதுகிறேன். பூதப்பாண்டிப் பக்கத்து விவசாயி ஒருவர் தம் வண்டியைக் காட்டினார். கிளம்பும்போது நீலப்புகை மேகம்போல் எழுந்தது. ரிங்குகள் தேய்ந்துவிட்டன, போர் எடுக்கவேண்டும் என்று நான் அப்போதே சொல்லிவிட்டேன். அவரும் கும்பப்பூ நெல் விற்ற பணத்தில் அவ்வேலையைச் செய்துமுடித்தார். மறுமாதம் அதே புகை! பின்னர் ஆராய்ந்ததில், வால்வுத் தண்டுகளில் எண்ணெயைத் தடுக்கும் சிறு ரப்பர் வளையங்கள் இறுகிக் கல்லாகி, இரவு முழுதும் எண்ணெய் சொட்டுச்சொட்டாக இறங்கியிருந்தது தெரிந்தது. அவர் என்னை ஒரு சொல்லும் கடிந்துகொள்ளவில்லை. அதுவே எனக்கு அதிக வருத்தமாயிருந்தது. வித்தியாசத்தை அறியும் முறை இது: கிளம்பும் வேளையிலும், இறக்கத்தில் ஆக்ஸிலரேட்டரை விட்டு இறங்கி மறுபடியும் மிதிக்கும் வேளையிலும் மட்டும் நீலப்புகை வந்தால் குறை வால்வுப் பக்கம். ஏற்றத்தில் பாரத்துடன் மிதிக்கும்போதெல்லாம் வந்தால் ரிங்கும் சிலிண்டரும் தேய்ந்தவை.

இதனை உறுதிசெய்ய அழுத்தமானி வைத்துப் பார்க்கவேண்டும். எஞ்சின் சூடாயிருக்கையில் நான்கு பிளக்குகளையும் கழற்றி, காயிலுக்குச் செல்லும் கம்பியை விலக்கி, ஆக்ஸிலரேட்டரை முழுதும் மிதித்துக்கொண்டு, ஒவ்வொரு சிலிண்டருக்கும் ஒரே எண்ணிக்கையாக ஸ்டார்ட்டரைச் சுற்றி, மானி காட்டுவதைக் குறித்துக்கொள்ளவேண்டும். எண் எவ்வளவு என்பதைவிட, நான்கும் ஒன்றுக்கொன்று எவ்வளவு நெருங்கியிருக்கின்றன என்பதே முக்கியம். நூற்றுக்குப் பத்துப் பங்குக்குமேல் வேற்றுமை இருந்தால் கவனிக்கவேண்டும். குறைந்த சிலிண்டரில் பிளக் துவாரத்தின் வழியே ஒரு தேக்கரண்டி எஞ்சின் எண்ணெயை விட்டு மறுபடியும் பார்க்கவேண்டும். எண் உயர்ந்தால் எண்ணெய் ரிங்கின் இடைவெளியை அடைத்துவிட்டது என்று பொருள்; குறை ரிங்கில். உயராவிட்டால் வால்விலோ கேஸ்கட்டிலோ கசிவு. பக்கத்துப்பக்கத்துச் சிலிண்டர்கள் இரண்டு சேர்ந்து குறைந்திருந்தால் அவ்விரண்டுக்கும் நடுவே கேஸ்கட் எரிந்திருக்கும். ஒரு கரண்டி எண்ணெயில் முடியும் இப்பரீட்சையை நான் பூதப்பாண்டியில் செய்திருந்தால் அந்த நெல்லின் பணம் மிஞ்சியிருக்கும்.

வால்வைப் பற்றி இன்னொன்று சொல்லவேண்டும். இந்தியாவில் 2000-ஆம் ஆண்டு பிப்ரவரி முதல் ஈயம் கலவாத பெட்ரோலே விற்கப்படுகிறது. நமது ஆரோக்கியத்துக்கு அது மிகவும் நல்லது. ஆனால் பழைய எஞ்சின்களில் எக்ஸாஸ்ட் வால்வு அமரும் இடம் வார்ப்பிரும்பே. பெட்ரோலிலிருந்த ஈயம் அவ்விடத்தில் படிந்து தேய்மானத்தைத் தடுத்துவந்தது. அது நின்றபின், பாரம் ஏற்றி வேகமாக ஓட்டப்படும் வண்டிகளில் அவ்விடம் தேய்ந்து வால்வு உள்ளே இறங்குகிறது. அப்போது டாப்பெட் இடைவெளி சுருங்கி, வால்வு முழுதும் மூடாமல் அழுத்தம் கசியும், வால்வும் எரியும். டாப்பெட் சத்தமின்றி ஓடும் பழைய எஞ்சினைக் கண்டு மகிழ்வோர் பலர். என் அநுபவத்தில் சிறிது சத்தமிடுவதே க்ஷேமம். இடைவெளியை அடிக்கடி சரிசெய்ய நேரும் வண்டியில், எஞ்சினைப் போர் எடுப்பதால் பயனில்லை. ஹெட்டை மட்டும் கழற்றிக் கடினமான உலோக வளையங்களைப் பதிப்பித்தால் போதும்.

அதுபோலவே, 2025-ஆம் ஆண்டில் நூற்றுக்கு இருபது பங்கு எதனால் கலந்த பெட்ரோல் நாடெங்கும் வந்துவிட்டது. பழைய வண்டிகளின் ரப்பர் குழாய்களும் பெட்ரோல் பம்பின் உள்ளேயுள்ள தோல்போன்ற தகடும் இதற்காகச் செய்யப்பட்டவையல்ல. ஊறி மெலிந்து கிழியும். எதனால் நீரை ஈர்ப்பதால், மாதக்கணக்கில் ஓடாமல் நிற்கும் வண்டியின் டாங்கியில் நீர் பிரிந்து அடியில் தங்கவும் கூடும். பம்பின் தகடு கிழிந்தால் சில வண்டிகளில் பெட்ரோல் எஞ்சின் எண்ணெயிலேயே கலந்துவிடும். அளவுகம்பியில் எண்ணெய் ஏறிக்கொண்டே போவதும், அதில் பெட்ரோல் வாசனை வீசுவதும் அதன் அடையாளம். எண்ணெய் குறையவேயில்லையென்று சந்தோஷப்படுவது தவறு.

நான்கு சிலிண்டரில் ஒன்று வேலைசெய்யாமல் எஞ்சின் குலுங்கினால், மெதுவாக ஓடும்போது பிளக் கம்பிகளை ஒவ்வொன்றாகக் கழற்றி மாட்டிப் பார்க்கவேண்டும். உறைபோட்ட குறடு அவசியம். எந்தக் கம்பியைக் கழற்றும்போது ஓட்டம் தளராமல் முன்போலவே இருக்கிறதோ அதுவே வேலைசெய்யாத சிலிண்டர். அதன் பிளக்கை நல்ல சிலிண்டரின் பிளக்கோடு இடம் மாற்றுக. குறையும் இடம் மாறினால் பிளக் கெட்டது. கழற்றிய பிளக்கின் நிறமும் பேசும்: வெளிர்ப் பழுப்பு நலம், உலர்ந்த கரி பெட்ரோல் மிகுதி, எண்ணெய்ப் பசை ரிங் அல்லது வால்வு, சுண்ணாம்புபோல் வெளுத்துப் பொரிந்தது பெட்ரோல் குறைவு அல்லது அதிகச்சூடு. இம்முறையைக் கம்ப்யூட்டர் வைத்த வண்டிகளில் செய்யலாகாது; காயிலும் புகைக்குழாயிலுள்ள சுத்திகரிப்புப் பெட்டியும் கெடும்.

இனி, எல்லாவற்றிலும் கடினமான நோய்க்கு வருவோம். தேரூர்ப் பக்கத்து மிராசுதார் ஒருவரது அம்பாஸிடர், குளிர்ந்திருக்கையில் குதிரைபோல் ஓடும்; நண்பகலில் பத்துப் பன்னிரண்டு மைல் ஓடியபின் திடீரென்று நிற்கும். அரைமணி நிழலில் நின்றால் மறுபடியும் ஒன்றும் நடவாததுபோல் கிளம்பும். பட்டறைக்குக் கொண்டுபோகும்போதெல்லாம் குறையே இராது. கார்புரேட்டர் மாற்றப்பட்டது, பெட்ரோல் பம்பும் மாற்றப்பட்டது. கடைசியில் எஞ்சினையே முழுதும் இறக்கிப் பார்க்கவேண்டுமென்று சொல்லிவிட்டார்கள். அதற்காக எட்டு மரக்கால் விதைப்பாடு நன்செய்யை ஒற்றி வைக்க அவர் ஆள் பார்த்துக்கொண்டிருந்தார் என்பது தற்செயலாக என் செவிக்கு எட்டியது. "அண்ணாச்சி, ஒற்றிச்சீட்டு எழுதுமுன் ஒருநாள் வெயிலில் என்னோடு வாருங்கள்" என்று கேட்டுக்கொண்டேன்.

பங்குனி வெயிலில் நாகர்கோவிலிலிருந்து புறப்பட்டுத் தோவாளையைக் கடந்து, ஆரல்வாய்மொழியை நெருங்குகையில் வண்டி நின்றது. அவர் வழக்கம்போல் நிழல் தேடினார். நான் விடவில்லை. நோய் இருக்கும்போதே நாடி பார்க்கவேண்டும். ஆறியபின் பட்டறையில் பார்ப்பது, காய்ச்சல் விட்டபின் வைத்தியரிடம் போவதற்கு ஒப்பு. முதலில் டாங்கி மூடியைத் திறந்து செவிகொடுத்தேன். மூடியிலுள்ள காற்றுத்துவாரம் அடைபட்டிருந்தால் உள்ளே வெற்றிடம் உண்டாகிப் பெட்ரோல் வராது நிற்கும். திறந்தவுடன் உஸ்ஸென்று காற்று நுழையும். அச்சத்தம் இல்லை. அடுத்து, கையோடு கொண்டுபோயிருந்த ஒரு பிளக்கைக் கம்பியில் மாட்டி, கார்புரேட்டருக்கு எட்டத்தில் எஞ்சினின் உலோகத்தில் சாய்த்து வைத்து, அவரை ஸ்டார்ட்டரைச் சுற்றச் சொன்னேன். நீலமாகச் சொடுக்கவேண்டிய பொறி, மஞ்சளாய் மங்கி, விட்டுவிட்டு வந்தது. ஆகவே பெட்ரோல் பக்கத்தை அப்படியே விட்டுவிடலாம் என்றாயிற்று. பொறி நன்றாயிருந்திருந்தால், ஈரத்துணியைப் பெட்ரோல் பம்பின்மேல் போட்டுப் பார்த்திருப்பேன். அதனால் கிளம்பினால் குழாயில் பெட்ரோல் ஆவியாகி அடைத்தது என்று அறியலாம்.

பொறி மங்குவதற்குக் காயில், கண்டென்ஸர், பாயிண்ட் மூன்றும் காரணமாகலாம். பாயிண்டின் முனைகள் கருகிக் குழிந்திருந்தன. அது கண்டென்ஸர் கெட்டதன் அடையாளம். புதிய கண்டென்ஸர் ஒன்றைப் பொருத்தி, பாயிண்டைத் தேய்த்து 0.4 மில்லிமீட்டர் இடைவெளி வைத்தவுடன், சூடு ஆறாத அதே எஞ்சின் முதல் சுற்றிலேயே கிளம்பியது. சூட்டில் மட்டும் கெடுவதும், ஆறியபின் சரியாவதும் கண்டென்ஸருக்கும் காயிலுக்கும் உரிய குணம். அது கைவிரல் நுனியளவுள்ள ஒரு தகரக் குப்பி. விலை ஒரு வாழைத்தாருக்கும் குறைவு. மிராசுதார் அதனை வெகுநேரம் உள்ளங்கையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

உண்மையிலேயே திறக்கவேண்டிய எஞ்சின்களும் உண்டு. எஞ்சின் சூடேறி மெதுவாக ஓடும்போது எண்ணெய் அழுத்தம் மிகவும் இறங்கி, மிதித்தால் அடியிலிருந்து கனமான இடிசத்தம் கேட்டு, ஒரு பிளக் கம்பியை விலக்கியவுடன் அச்சத்தம் தணியுமானால், அந்தப் பிஸ்டனின் கம்பி சுழலும் பேரிங் தேய்ந்தது. அவ்வண்டியை அதன்பின் ஒரு மைலும் ஓட்டாமல் இழுத்துக்கொண்டே போகவேண்டும். டீசல் எஞ்சினில் பிளக் இல்லாததால், ஊசிக்குழாய்களின் திருகை ஒவ்வொன்றாகச் சிறிது தளர்த்தி வேலைசெய்யாத சிலிண்டரைக் கண்டறிவார்கள். அந்த டீசல் கைத்தோலைத் துளைத்து உள்ளே புகும் வேகமுடையதாகையால் பழகாதவர்கள் அதனைத் தொடலாகாது. ஓடிக்கொண்டிருக்கும்போதே நின்று, மறுபடியும் கிளம்ப மறுக்கும் டீசல் வண்டியில் முதலில் வடிகட்டி அடைபட்டதா, குழாயில் காற்று புகுந்ததா என்று பார்த்தால் போதும்.

இப்பரீட்சைகளை வைக்கோல் போருக்கருகிலோ, உரமும் மருந்தும் வைத்திருக்கும் அறையிலோ செய்யவேண்டாம். கண்டவற்றை ஒரு தாளில் எழுதிக்கொள்ளவும்: எப்போது நின்றது, சூடா குளிரா, புகையின் நிறம், நான்கு சிலிண்டர்களின் அழுத்தம். "வண்டி சரியில்லை, பாருங்கள்" என்று பட்டறையில் விடுவதைவிட, அத்தாளைக் கொடுத்து இன்ன வேலையை மட்டும் செய்க என்று கேட்பது நன்று. கழற்றும் பழைய பாகங்களைத் திரும்பக் கேட்டு வாங்கவும்.

வாங்குவோருக்கும், அவர்கள் யோசனை கேட்கவரும் கிராம உத்தியோகஸ்தர்களுக்கும் மற்றொன்று. எஞ்சினிலும் சட்டத்திலும் பொறித்த எண்களைப் பதிவுச்சீட்டிலுள்ள எண்களோடு, பணம் கொடுக்குமுன் வெளிச்சத்தில் ஒப்பிட்டுப் பார்க்கவேண்டும். வெவ்வேறு வண்டியின் எஞ்சின் ஏற்றப்பட்டிருந்தால் அது சீட்டில் குறிக்கப்பட்டிருக்கவேண்டும். சொந்த உபயோக வண்டியின் பதிவு பதினைந்து ஆண்டுகளுக்குப்பின் ஐந்தைந்து ஆண்டுகளாகப் புதுப்பிக்கப்படுவது. புதுப்பித்த தேதி எதுவரை செல்லும் என்பதை, எஞ்சினைக் கிளப்பச் சொல்லுமுன்னரே கேட்டுவிடலாம்.